கப்பல்காரர் பதில்கள்: பிரிஸ்டலுக்குப் போகிறவர்களுக்கு

(கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குளச்சல் பக்கம் வசிக்கும் நம் வாசகர் ஒருவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நர்ஸாக இருக்கும் மகளின் வீட்டில் தங்கிவிட்டு வந்திருக்கிறார். அந்த ஊரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுகிறார்.)

மகன் பிரிஸ்டலில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். கோடையில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். "லண்டனைப் பாருங்க, பிரிஸ்டல்ல என்ன கிடக்கு?" என்கிறார் என் மச்சான். அப்படித்தானா?
– மார்த்தாண்டம் வாசகர்

உங்கள் மச்சான் பிரிஸ்டலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார். இல்லையென்றால் பார்த்தே இருக்கமாட்டார். லண்டன் பாடிங்டனில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் ஸ்டேஷன். அங்கிருந்து பாத் நகரமும் பக்கம் என்பதால் நிறையப் பேர் பிரிஸ்டலில் இறங்காமலே பாத் போய், ரோமர் காலத்துக் குளத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இஷ்டம்.

போன மறுநாளே மகன் உங்களை ஏதாவது மாலுக்குக் கூட்டிப்போகப் பார்ப்பான். விடாதீர்கள். முதலில் துறைமுகக் கரைக்குப் போங்கள். ஊருக்கு நடுவே தண்ணீர் நீளமாக வளைந்து கிடக்கும். இரண்டு கரையிலும் நடைபாதை, சமதரை, உட்கார பெஞ்சு. கால் வலித்தால் மஞ்சளும் நீலமும் அடித்த சின்னப் படகு வரும், ஏறிக்கொள்ளலாம். அந்த ஊரில் சமதரை இருப்பது அங்கே மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஏற்றம். பார்க் ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் அதை மேலிருந்து கீழாக மட்டும் பாருங்கள்.

துறைமுக நகரம் என்கிறீர்கள். மேப்பில் பார்த்தால் கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறும் சின்னதுதான். அங்கே எப்படிக் கப்பல் வந்தது?
– குளச்சல் வாசகர்

கேட்க வேண்டிய கேள்வியை நம்ம ஊர்க்காரர்தான் கேட்டிருக்கிறார்.

நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை எட்டுவதே அபூர்வம். பிரிஸ்டலின் ஏவன் ஆறு போய்ச் சேரும் செவர்ன் முகத்துவாரத்தில் பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் ரொம்ப ஏறி இறங்கும் நாளில், அது 14 மீட்டர் வரை போகும். நாலு மாடி உயரம்! அட்லாண்டிக்கிலிருந்து வரும் தண்ணீர், வாய் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் இருக்கிற முகத்துவாரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் இப்படி ஏறுகிறது. உலகத்திலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான இடங்களில் இதுவும் ஒன்று. அந்த ஏற்றத்தில் ஏறிக்கொண்டுதான் பாய்மரக் கப்பல்கள் ஊருக்குள் வந்தன.

வந்ததெல்லாம் சரி. ஆறு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடுமே, அப்போது கப்பல் என்ன ஆகும்? சேற்றில் உட்காரும். சரக்கோடு உட்காரும். உடல் பலமில்லாத கப்பலென்றால் நடுவில் முறியும், சரியாகக் கட்டாத சரக்கு ஒரு பக்கமாகச் சரியும். பல நூற்றாண்டுகள் இந்தப் பாட்டோடுதான் அங்கே வியாபாரம் நடந்தது.

வில்லியம் ஜெஸ்ஸப் என்ற பொறியாளர் 1804இல் தொடங்கி 1809இல் இதற்கு வழி செய்து முடித்தார். ஆற்றின் பழைய போக்கையே மடை போட்டு அடைத்து, சுமார் 70 ஏக்கர் தண்ணீரை உள்ளே நிரந்தரமாக நிறுத்திவிட்டார். கப்பல் உள்ளே வர, வெளியே போக மதகுக் கதவுகள். ஓதம் ஏறி இறங்க ஊருக்குத் தெற்கே தனியாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள், அதற்கு நியூ கட் என்று பெயர். அன்று முதல் உள்ளே வந்த கப்பல் எப்போதும் மிதந்துகொண்டே இருந்தது. அதனால் அந்த நீர்ப்பரப்புக்கே மிதக்கும் துறைமுகம் என்று பெயர்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஓத அட்டவணையைப் போனில் பார்த்து, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் கம்பர்லண்ட் பேசின் என்ற இடத்துக்குப் போங்கள். கதவுக்கு வெளியே ஏவன் ஆறு பழுப்புச் சேறாக, ஆழத்தில் ஒரு கோடுபோலக் கிடக்கும். கதவுக்கு உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர். இதற்கு டிக்கெட் கிடையாது. என்னைக் கேட்டால் பிரிஸ்டலில் இதைவிடப் பெரிய காட்சி இல்லை. என் மகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அப்புறம் கப்பல்கள் பெருத்துவிட்டன, ஆற்றின் வளைவுகளில் திரும்ப முடியவில்லை. 1877இல் ஆற்று வாயிலேயே, ஏவன்மவுத்தில், புது டாக் திறந்தார்கள். ஊருக்குள் இருந்த துறைமுகத்தைச் சரக்குக் கப்பல்களுக்கு 1975இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கும் பிரிஸ்டல் துறைமுகம் முகத்துவாரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இறக்குமதிக் கார்கள் அங்கே வந்து குவிகின்றன. சுற்றுலாப் பயணி அதைப் பார்ப்பதில்லை.

எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற பழைய கப்பலைப் பார்க்க டிக்கெட் விலை ரொம்ப அதிகம் என்று தங்கை மகள் சொல்கிறாள். ரூபாயில் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. தேவையா?
– நாகர்கோவில், கோட்டாறு வாசகர்

ரூபாயில் கணக்குப் போட்டால் அங்கே தேநீர்கூடக் குடிக்க முடியாது. பிரிஸ்டலில் ஒன்றுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். நான் எஞ்சின் அறைக்காரன், கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசம்பார்டு கிங்டம் புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்த கப்பல் இது. 1843 ஜூலை 19 அன்று நீரில் இறக்கினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல், 322 அடி. இரும்பு உடலும், பின்னால் சுழலும் புரொப்பெல்லரும் சேர்ந்து பெருங்கடலைக் கடக்க வந்த முதல் பெரிய கப்பல் இதுதான். இன்றைக்கு ஓடும் ஒவ்வொரு சரக்குக் கப்பலுக்கும் இது பாட்டி முறை. வேடிக்கை என்னவென்றால், கட்டி இறக்கிய பிறகு மதகுவழியே வெளியே போக முடியாமல் பிரிஸ்டலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மதகின் கல்லை எடுத்து அகலப்படுத்தி, 1844 டிசம்பரில்தான் வெளியேற்றினார்கள். வெளியே போன கப்பல் லிவர்பூலிலிருந்துதான் தொழில் பார்த்தது. பெற்ற ஊருக்கு அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வழியில்லை.

அதற்குப் பிறகு அது படாத பாடில்லை. அயர்லாந்துக் கரையில் தரை தட்டியது. தங்கம் தேடி ஆஸ்திரேலியா போனவர்களை ஏற்றிப் போனது. 1861இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் போனது. கடைசியில் தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவில் கிடங்காக நின்று, 1937இல் ஒரு சின்ன வளைகுடாவில் ஓட்டை போட்டுக் கைவிடப்பட்டது. 1970இல் அதைத் தெப்பத்தில் ஏற்றி அட்லாண்டிக் முழுக்க இழுத்து வந்து, பிறந்த அதே உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் இடம்) சேர்த்தார்கள். சேர்த்த தேதியும் ஜூலை 19.

இப்போது கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் மிதக்கிறது. படி இறங்கிக் கண்ணாடிக்குக் கீழே போனால் துருப்பிடித்த அடிப்பாகத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கடலோர வீட்டுக்காரர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன கதி ஆகிறது என்று தெரியும். உப்பு இரும்புக்குள் ஏறிவிட்டால் பெயின்ட் அடித்துப் பிரயோசனமில்லை, காற்றில் உள்ள ஈரம் போதும், தின்றுகொண்டே இருக்கும். அதனால் கீழே காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதம் அளவுக்கு இயந்திரம் வைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். பாலைவனத்துக் காற்று. மகள் கேண்டீனுக்குப் போய்விட்டாள், நான் அந்த உலர்த்தும் குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே எஞ்சினின் முழு அளவு மாதிரி ஒன்று சுழல்கிறது. அசலில் நிலக்கரி போட்டவன் பட்ட சூடு மட்டும் அதில் இல்லை.

அடிமை வியாபாரத்தில் சம்பாதித்த ஊர் என்று படித்தேன். அப்படிப்பட்ட இடத்தை ஏன் சுற்றிப் பார்க்க வேண்டும்?
– தக்கலை, ஓய்வு பெற்ற ஆசிரியை

டீச்சர், அதற்காகவே பார்க்க வேண்டும் என்பேன். 1698க்கும் 1807க்கும் இடையில் பிரிஸ்டலிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டிருக்கின்றன. பித்தளைச் சாமான், துணி எல்லாம் ஏற்றி மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே மனிதர்களை ஏற்றி கரீபியத் தீவுகள். திரும்பி வரும்போது சர்க்கரை, ரம், புகையிலை. ஆப்பிரிக்காவில் விலையாகக் கொடுத்த துணியில் இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. நெய்த நம் ஆளுக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்காது.

எட்வர்டு கோல்ஸ்டன் என்பவர் அந்த வியாபாரத்தில் இருந்தவர், ஊருக்கு நிறைய தர்மமும் செய்தவர். 1895இல் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். இப்போது சிலை எம் ஷெட் என்ற அருங்காட்சியகத்தில், கிறுக்கிய பெயின்டோடு, மல்லாக்கப் படுத்திருக்கிறது. பழைய சரக்குக் கொட்டகைதான் அந்த அருங்காட்சியகம். அனுமதி இலவசம். வாசலில் 1951ஆம் வருடத்து மின்சாரக் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன.

பக்கத்தில் பீரோ பாலம் என்று கொம்பு முளைத்த நடைபாலம் ஒன்று, 1999இல் திறந்தது. நெவிஸ் தீவிலிருந்து சர்க்கரைத் தோட்ட முதலாளி ஜான் பின்னி கூட்டி வந்த அடிமையின் பெயர்தான் பீரோ. பின்னியின் வீடு கிரேட் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் அப்படியே இருக்கிறது, ஜார்ஜியன் ஹவுஸ் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், விசாரித்துப் போங்கள். அடித்தளத்தில் முதலாளி முங்கிக் குளிக்கக் கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொட்டியையும் பாலத்தையும் ஒரே நாளில் பாருங்கள்.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம் திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான். அதைச் சொல்ல நம் மாவட்டத்தில் இப்படி ஒரு கொட்டகை இருக்கிறதா டீச்சர்?

ஜார்ஜ் முல்லரின் அனாதை இல்லம் பிரிஸ்டலில்தானே? சண்டே ஸ்கூலில் சொன்ன கதை. இப்போதும் இருக்கிறதா?
– கருங்கல் வாசகி

இருக்கிறது, கட்டடமாக. பால் வண்டி அச்சு முறிந்து பிள்ளைகளுக்குப் பால் கிடைத்த கதையை நம் பக்கத்துச் சபைகளில் கேட்காதவர் குறைவு. முல்லர் 1832இல் பிரிஸ்டல் வந்து, 1836இல் வில்சன் ஸ்ட்ரீட்டில் வாடகை வீட்டில் தொடங்கினார். பிறகு ஆஷ்லி டவுன் மேட்டில் 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய வீடுகள் கட்டினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார், யாரிடமும் கை நீட்டிக் கேட்காமல். அந்தக் கட்டடங்களில் இன்று குடியிருப்புகளும் கல்லூரியும் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்க்கலாம்.

அவருடைய கல்லறை ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே நம் ஊர்க் கோயில் மண்டபம் மாதிரி ஒன்றைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். அது ராஜா ராம்மோகன் ராயின் சமாதி. 1829இல் சதி எனும் உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்குத் தடைச் சட்டம் வரக் காரணமானவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்து வந்த இடத்தில் 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டல் ஸ்டேப்பிள்டனில் காலமானார். பத்து வருடம் கழித்து துவாரகநாத் தாகூர் முயற்சியில் இங்கே மாற்றி அடக்கம் செய்து, வங்காளப் பாணியில் மண்டபம் எழுப்பினார்கள். கதீட்ரல் பக்கம் காலேஜ் கிரீனில் அவருக்குச் சிலையும் உண்டு, 1997இல் வைத்தது.

ஜெபக்காரர்கள் பிராட்மீட் கடைத்தெருவுக்கு நடுவே இருக்கும் நியூ ரூமையும் விட்டுவிட வேண்டாம். ஜான் வெஸ்லி 1739இல் கட்டியது, மெதடிஸ்ட் சபையின் மிகப் பழைய கட்டடம். வெளியே கடைச் சத்தம், உள்ளே மரப் பெஞ்சு.

பிரிஸ்டலின் கிளிஃப்டன் தொங்குபாலம் பெரிதா, நம் மாத்தூர் தொட்டிப்பாலம் பெரிதா?
– திருவட்டாறு, கல்லூரி மாணவர்

தம்பி, உயரத்தில் கிளிஃப்டன். மாத்தூர் 115 அடி, கிளிஃப்டன் ஆற்றுக்கு மேல் ஏறத்தாழ 245 அடி. நீளத்தில் மாத்தூர் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அங்கே கோபுரத்துக்குக் கோபுரம் 214 மீட்டர்தான். ஆனால் மாத்தூருக்குத் தூண்கள் உண்டு. கிளிஃப்டன் நடுவில் எதையும் ஊன்றாமல் சங்கிலியில் தொங்குகிறது. கன்னியாகுமரியில் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் போட்ட கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்.

கிளிஃப்டன் பாலமும் புரூனலின் வடிவம்தான். 1831இல் அடிக்கல் போட்டார்கள், பணம் தீர்ந்து பாதியில் நின்றது. 1859இல் அவர் இறந்த பிறகு, மற்றப் பொறியாளர்கள் அவர் நினைவாக 1864இல் முடித்தார்கள். லண்டனில் அவரே கட்டி, பின்னால் பிரித்தெடுத்த வேறொரு பாலத்தின் சங்கிலிகளை இதற்குப் போட்டார்கள். நடந்து போக இலவசம். காற்று அடிக்கிற நாளில் பாலம் லேசாக ஆடும், அதற்காகத்தான் நான் போனேன்.

பழைய தெருக்கள் எவை? பேங்க்சி ஓவியம் எங்கே?
– குழித்துறை வாசகர்

கிங் ஸ்ட்ரீட். 1664ஆம் வருடத்து மர வீடு லேண்டோகர் ட்ரோ, இப்போது மதுக்கடை. எதிர்ப்பக்கமாகவே 1766இல் திறந்த நாடகக் கொட்டகை, இன்றும் நாடகம் நடக்கிறது. கார்ன் ஸ்ட்ரீட்டில் 1743ஆம் வருடத்து வியாபாரிகள் மண்டபம். அதன் கடிகாரத்தில் நிமிஷ முள் இரண்டு. ஒன்று லண்டன் நேரம், மற்றது பிரிஸ்டல் நேரம், பத்து நிமிஷம் பின்னால். ரயில் வந்த பிறகும் அடம் பிடித்து 1852இல்தான் லண்டன் நேரத்துக்கு மாறினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் செயின்ட் நிக்கோலஸ் மார்க்கெட், மதியச் சாப்பாட்டுக்கு நல்லது.

குயின் ஸ்கொயரைச் சும்மா கடந்து போகாதீர்கள். நான்கு பக்கமும் பழைய வீடுகள், நடுவே புல்வெளி. 1930களில் புத்திசாலி யாரோ அந்தச் சதுக்கத்தைக் குறுக்காக வெட்டிப் பெரிய ரோடு போட்டார்கள். அறுபது வருடத்துக்கு மேல் பஸ்ஸும் லாரியும் அதில்தான் ஓடின. 2000 வாக்கில் அந்த ரோட்டை எடுத்துவிட்டு மறுபடி புல் போட்டார்கள். போட்ட ரோட்டை எடுத்த ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பேங்க்சி, முகம் காட்டாமல் தெருச் சுவரில் படம் வரைகிறவர். அவர் படம் பார்க் ஸ்ட்ரீட் பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஸ்டோக்ஸ் கிராஃப்டில் ஒன்று. ஜன்னலில் தொங்குகிற ஆள் படத்தை அம்மா அப்பாவோடு போய்ப் பார்க்காதீர்கள்.

அங்கே நம்மவர்களை மரியாதையாக நடத்துவார்களா? தங்கச்சி போகிறாள், பயமாக இருக்கிறது.
– களியக்காவிளை வாசகர்

1963இல் அந்த ஊர் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்க மறுத்தது. நான்கு மாதம் போல ஜனங்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், கம்பெனி பணிந்தது. வெள்ளையரல்லாத முதல் கண்டக்டராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இரண்டு வருடத்தில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டமே வந்தது. இன்று உங்கள் தங்கச்சி ஏறுகிற பஸ்ஸை ஓட்டுபவர் எந்த நாட்டுக்காரராகவும் இருப்பார். முறைத்துப் பார்க்கிறவர்கள் எங்கேயும் உண்டு. என் மகள் வார்டில் கிழவர்கள் சிலர் ஒரு மாதிரி பேசுவார்கள், ஊசி போட்ட பிறகு நன்றி சொல்வார்கள்.

குளச்சலையும் இப்படி ஒரு சுற்றுலா ஊராக ஆக்க முடியாதா, அண்ணாச்சி?
– மண்டைக்காடு வாசகர்

1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைத் தோற்கடித்த கடற்கரை நம்முடையது. அந்தப் போரில் பிடிபட்டு, பின்னால் ராஜாவுக்கே தளபதியான டி லனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் வேன்கள் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகின்றன, பாதி பேர் இறங்குவதில்லை. குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது, எதற்கு நிற்கிறது என்று பக்கத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றையும் சேர்த்து ஒரு பஸ், கதை சொல்ல ஓர் ஆள். முதலில் அது போதும். தொங்குபாலமெல்லாம் வேண்டாம்.

எல்லாம் சொன்னீர்கள். உங்களுக்குச் சொந்தமாகப் பிடித்தது எது?
– தேங்காய்ப்பட்டணம் வாசகர்

சாமுவேல் பிளிம்சல். 1824இல் பிரிஸ்டலில் பிறந்தவர். துறைமுகக் கரையில் ஹாட்வெல்ஸ் பக்கம் மார்பளவுச் சிலை இருக்கிறது, யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றி, இன்ஷூரன்ஸும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மூழ்கினால் முதலாளிக்குப் பணம், மாலுமி வீட்டுக்கு இழவு. பிளிம்சல் பார்லிமென்டில் கத்திக் கூச்சல் போட்டு 1876இல் சட்டம் கொண்டுவந்தார். கப்பலின் விலாவில் வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருப்பதைத் தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்தக் கோடு தண்ணீருக்குள் போகக் கூடாது. கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று என்று பக்கத்திலேயே ஏணிபோலக் கோடுகள் இருக்கும். உலகம் முழுக்க அதுதான் கணக்கு. என்னையும் என்னோடு எஞ்சின் அறையில் கிடந்தவர்களையும் கரை சேர்த்ததில் அந்தக் கோட்டுக்குப் பங்கு உண்டு.

குளிருக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்? மீன் கிடைக்குமா?
– குலசேகரம் வாசகி

ஸ்வெட்டரைவிட மழைக்கோட்டு முக்கியம். குடை வேண்டாம், காற்றில் திரும்பிவிடும். ஈஸ்டனில் செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் புளி, மிளகாய்ப்பொடி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். மரச்சீனி வெட்டி உறைய வைத்த பாக்கெட்டை மலையாளிக் கடைகளில் கேளுங்கள். மீன் கிடைக்கும், தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் தருவார்கள். தலை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.